கியூசி அண்ணை பாஸ் பண்ணிய பதினொரு விநாடிகள்

உலகத்தில் இதுவரை எடுக்கப்பட்ட படங்கள் அத்தனையிலும் பிழை இருக்கிறது என்பதைத் தனியொரு மனிதராக நின்று நிரூபித்தவர் ஒருவர் உண்டு. அவர் பெரிய பத்திரிகையில் விமர்சனம் எழுதியவர் அல்ல. திரைப்பட விழாவுக்கு நடுவராகப் போனவரும் அல்ல. கனடாவில் ஸ்காபரோ என்ற இடத்தில் ஐஸ்கிறீம் டப்பாக்களுக்கு மூடி செய்யும் தொழிற்சாலை ஒன்றில், பெல்ட்டில் வருகிற மூடிகளை எடுத்துப் பார்த்து, சரியில்லாததைத் தூக்கிப் போடுவதற்கென்று வேலைக்கு வைக்கப்பட்டவர். தரம் பார்க்கிற அந்த வேலைக்குத் தொழிற்சாலையில் சொல்கிற ஆங்கிலச் சுருக்கப் பெயர் கியூசி. ஆகவே அவர் கியூசி அண்ணை.

சொந்தப் பெயர் ஒன்றும் அவருக்கு இருந்தது. அதை யாரும் பயன்படுத்தி நான் கேட்டதில்லை. கல்யாண அழைப்பிதழ்கூட ‘திரு. திருமதி கியூசி’ என்றுதான் வரும். அவர் கோபிக்கமாட்டார். அழைப்பிதழை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எழுத்துப்பிழைகளை மட்டும் எண்ணுவார். பிறகு கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளையின் அப்பாவிடம் பரிசைக் கொடுக்கும்போது அந்த எண்ணிக்கையையும் சேர்த்துக் கொடுப்பார்.

நாங்கள் நான்கு பேர். வெக்ஸ்போர்ட்டில் ஒரு பிளாசா. பல் வைத்தியருக்கும் மீன்கடைக்கும் நடுவில் ஒரு கோப்பிக்கடை. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அங்கே கூடுவோம். அந்த வாரம் பார்த்த படத்தைப் பற்றிக் கதைப்போம். வேறு எதுவும் கதைக்கக்கூடாது என்பது கியூசி அண்ணை போட்ட சட்டம். ஒருமுறை நான் என் முழங்கால் வலியைப் பற்றித் தொடங்கியபோது, அது எந்தப் படத்தில் வருகிறது என்று கேட்டார்.

நான் காப்புறுதி அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறவன். மற்றவர்கள் சொன்ன பிறகு என் அபிப்பிராயத்தைச் சொல்வது என் வழக்கம். இரண்டாவது ஆள் தேவன், கார் ஓடப் பழக்குகிறவர். ஸ்காபரோத் தமிழர்களில் பாதிப் பேர் அவரிடம் பழகி லைசென்ஸ் எடுத்தவர்கள். மீதிப் பேர் அவரிடம் பழகிவிட்டு வேறொருவரிடம் போய் எடுத்தவர்கள். எந்தப் படத்தைப் பார்த்தாலும், தான் எடுத்திருந்தால் எப்படி எடுத்திருப்பேன் என்று சொல்வதில் தேவனுக்கு விருப்பம். மூன்றாவது ஆள் கார்த்திக். சென்னையிலிருந்து வந்து பக்கத்து ஊரான மார்க்கத்தில் கம்ப்யூட்டர் வேலை செய்கிறவன், எங்களில் இளையவன், நல்ல மனம் உள்ளவன். அவனுக்கு எல்லாப் படமும் பிடிக்கும். “செமயா இருந்துச்சுண்ணா” என்று தொடங்குவான். அந்த ஒரு வசனத்தை முடிப்பதற்கு மட்டும் அவனுக்கு அவகாசம் கொடுக்கப்படும்.

பிறகு கியூசி அண்ணை கிளிப் வைத்த அட்டையை மேசையில் வைப்பார். தொழிற்சாலையில் பாவிக்கிற அதே அட்டை. அதில் வரிசையாக நேரமும் பிழையும் எழுதியிருக்கும். எட்டாம் நிமிடம்: கதாநாயகன் மழையில் நனைந்த சட்டையோடு கதவைத் திறக்கிறான், உள்ளே வரும்போது சட்டை காய்ந்திருக்கிறது. இருபத்தோராம் நிமிடம்: தட்டில் மூன்று இட்லி, அம்மா அழுது முடித்ததும் பார்த்தால் நாலு. “அழுதுகொண்டிருந்த மனிசி எப்ப இட்லி வைச்சவ?” என்று எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்ப்பார். அந்த நாலாவது இட்லியை நாங்கள் வைத்ததுபோலத் தலைகுனிந்திருப்போம்.

சட்டையோடும் இட்லியோடும் நின்றுவிடுகிற ஆளாக இருந்திருந்தால் அவரை எப்போதோ கழற்றிவிட்டிருப்போம். அவர் அதற்கு மேலே போவார். இந்த அம்மா ஏன் இந்த இடத்தில் அழவேண்டும், அழாமல் இருந்திருந்தால் மகன் என்ன செய்திருப்பான், அழவைத்தது மகனா இயக்குநரா என்று நோண்டிக்கொண்டே போவார். முடிவில் தீர்ப்பு. தீர்ப்புகள் மூன்று வகை. ரிஜெக்ட் என்றால் குப்பை. ஹோல்ட் என்றால் இன்னொருதரம் பார்க்கவேண்டும். பாஸ் என்றால் பாஸ். நான் அறிந்த காலத்தில் பாஸ் என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. ஹோல்ட் கிடைத்த படங்கள் மூன்றோ நாலோ இருக்கும். அன்றைக்குக் கார்த்திக் எல்லோருக்கும் டோனட் வாங்கிக் கொடுப்பான்.

படம் பார்க்காதவருக்குக் கதை தெரியக்கூடாது என்பதிலும் அவர் கண்டிப்பானவர். பார்க்காமல் வந்தவர் கடைக்கு வெளியே போய் நிற்கவேண்டும். மாசி மாதத்தில் ஒருநாள் கார்த்திக் வேலைப் பளுவால் படத்தைத் தவறவிட்டு வந்துவிட்டான். வெளியே மைனஸ் பதினெட்டு. கையில் கோப்பியோடு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றான். நாங்கள் இந்தப் பக்கம் இருந்து இரண்டாம் பாதியைக் கதைத்துக்கொண்டிருந்தோம். அவன் நடுவில் ஒருமுறை கண்ணாடியைத் தட்டி, முடிந்ததா என்று சைகையால் கேட்டான். கியூசி அண்ணை வில்லனின் தங்கச்சி இன்னும் மிச்சம் என்று சைகையால் பதில் சொன்னார். வில்லனுக்குத் தங்கச்சி இருக்கிறாள் என்பது அவனுக்கு அப்படித் தெரியவந்துவிட்டது. அந்தத் தவறை நினைத்து அவர் இரண்டு வாரம் வருந்தினார். அவன் குளிரில் நின்றதைப் பற்றி வருந்தியதாகத் தெரியவில்லை.

அண்ணையின் மனைவி அவரோடு படத்துக்குப் போவார், ஆனால் பக்கத்தில் இருக்கமாட்டார். ஒரே கார், ஒரே தியேட்டர், ஒரே காட்சி. நாலு வரிசை தள்ளி இருப்பார். தன் குடும்பம் கலையாமல் இருப்பதற்கு அந்த நாலு வரிசைதான் காரணம் என்று அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

ஒருமுறை மிகவும் எதிர்பார்த்துப் போன படம் ஒன்று அவரை ஏமாற்றிவிட்டது. வெளியே வந்து முறைப்பாடு எழுதவேண்டும் என்று நின்றார். தியேட்டரில் அதற்கென்று படிவம் எதுவும் இல்லை. அங்கே பொறுப்பாக நின்ற பெண் மரியாதையானவள். ஒரு பெரியவரை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல், காணாமற்போன பொருட்களுக்கான படிவம் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். கியூசி அண்ணை அதை வாசித்துப் பார்த்து, இதுதான் சரியான படிவம் என்று நிரப்பினார். தொலைந்த பொருள்: கதை. கடைசியாகக் கண்ட இடம்: முதல் இருபது நிமிடத்துக்குள். அடையாளம்: ஏற்கெனவே பல இடங்களில் கண்டது. கீழே தொலைபேசி எண்ணையும் எழுதினார். மூன்றாம் நாள் அந்தப் பெண் அழைத்து, எல்லா இடமும் தேடிவிட்டோம், கிடைக்கவில்லை என்று ஆங்கிலத்தில் வருத்தம் தெரிவித்தாளாம். அவள் பகிடி விட்டாளா உண்மையாகவே தேடினாளா என்பது இன்றுவரை தெரியாது. தேடியிருப்பாள் என்பதுதான் அண்ணையின் நம்பிக்கை.

அவருக்குப் பொய் வராது. வராது என்றால், திக்குவாய் உள்ளவருக்குச் சில எழுத்துகள் வராததுபோல வராது. எங்களுக்குத் தெரிந்த ஒருவர் இறந்தபோது மார்க்கத்தில் இறுதிச்சடங்கு நடந்தது. பேசிய ஒருவர், இறந்தவர் ஒரு குறிப்பிட்ட படத்தை எப்படி ரசித்து ரசித்துப் பார்ப்பார் என்று உருக்கமாகச் சொன்னார். சபை விம்மியது. கியூசி அண்ணை எனக்குப் பக்கத்தில் நெளிந்துகொண்டிருந்தார். அந்தப் படத்தை அவர் ரிஜெக்ட் பண்ணியிருந்தார். சடங்கு முடிந்து வரிசையில் போய் இறந்தவரின் மனைவியின் கையைப் பிடித்தபோது ஏதும் சொல்லிவிடுவாரோ என்று எனக்கு வியர்த்தது. அவர் நிறைய யோசித்து, “அவருக்கு வேறை நல்ல குணங்களும் இருந்தது அம்மா” என்றார். அந்த அம்மா அதை ஆறுதலாக எடுத்துக்கொண்டு தலையாட்டினார்.

இப்படியான மனிதரின் சிநேகிதர் ஒருவர் படம் எடுக்கப் புறப்பட்டால் என்ன ஆகும் என்பதுதான் நான் சொல்லவந்த விஷயம்.

புறப்பட்டவர் தேவன். இரண்டரை மணிநேரப் படம், முழுக்க முழுக்க ரொறன்ரோவில். படத்தின் பெயரை எழுதவேண்டாம் என்று தேவன் கேட்டுக்கொண்டதால் தவிர்க்கிறேன். அண்ணனைக் கொன்றவனைப் பழிவாங்க ஒருவன் கனடாவுக்கு வருகிறான்; அண்ணன் சாகவில்லை, பக்கத்து ஊரான மிசிசாகாவில் இருக்கிறான் என்று பிறகு தெரியவருகிறது. கதை நல்ல கதை என்றுதான் நாங்கள் மூன்று பேரும் ஆரம்பத்தில் நினைத்தோம். மூன்று பேர் என்றால் தேவனையும் சேர்த்து. கியூசி அண்ணை கதையைக் கேட்க மறுத்துவிட்டார். கமராவுக்குக் கிட்டவும் வரமாட்டேன் என்றார். மூடியைச் சோதிக்கிறவன் மூடி வார்க்கிற இடத்துக்குப் போகக்கூடாது, போனால் வார்க்கிறவனின் முகம் ஞாபகத்துக்கு வந்து கண் பொய் சொல்லும் என்பது அவர் கட்சி.

மூன்று பனிக்காலம் படப்பிடிப்பு நடந்தது. கார்த்திக் கமராவையும் எடிட்டிங்கையும் பார்த்துக்கொண்டான். எனக்குப் பொலிஸ் அதிகாரி வேடம். உடுப்புக் கிடைக்காததால் என்னுடைய கறுப்பு ஜக்கெட்டையே போட்டு நடித்தேன். கதாநாயகி மூன்றாவது பனிக்காலத்தில் வேலை கிடைத்து வேறு மாகாணத்துக்குப் போய்விட்டாள். அதனால் இரண்டாம் பாதி முழுக்க அவள் தொலைபேசியில் மட்டும் வருவாள். கார் துரத்தும் காட்சியைத் தேவன் தானே ஓட்டி எடுத்தார். அதில் துரத்துகிற காரும் தப்புகிற காரும் ஒவ்வொரு ஸ்டொப் சைனிலும் மூன்று விநாடி நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, இண்டிகேற்றர் போட்டுத்தான் திரும்பும். ஏன் இப்படி என்று நான் கேட்டேன். தன்னிடம் பழகுகிற பிள்ளைகள் படத்தைப் பார்ப்பார்கள், பிழையான பழக்கத்தைக் காட்ட முடியாது என்றார்.

எங்கள் எல்லோருக்கும் சாப்பாடு சமைத்துத் தந்தவர் தேவனின் மனைவி ராதா. வார இறுதியில் படப்பிடிப்பு எங்கே நடந்தாலும் பன்னிரண்டு மணிக்கு ஒரு பெரிய பை வந்து சேரும். திறந்தால் இடியப்பமோ புட்டோ ஆவி பறக்கும். அது எப்படி வருகிறது, யார் கொண்டுவருகிறார்கள் என்று நாங்கள் யோசித்ததில்லை. கலை வேலையில் மூழ்கியிருந்தோம்.

ஒரு சனிக்கிழமை காலை, ஸ்காபரோ தியேட்டர் ஒன்றில் முதல் காட்சி. சனம் நன்றாக வந்திருந்தது. படம் முடிந்து விளக்குப் போட்டதும் எல்லோரும் கை தட்டினார்கள். தேவன் வாசலில் கோட் சூட்டோடு நின்றார். ஒவ்வொருவராகக் கை கொடுத்தோம். எங்கள் சனத்துக்கு இந்த இடத்தில் என்ன சொல்லவேண்டும் என்று நன்றாகத் தெரியும். ஒருவர் நல்ல முயற்சி என்றார். ஒருவர் இந்தக் குளிருக்குள் இப்படி ஒன்று செய்வது பெரிய விஷயம் என்றார். இன்னொருவர் தியேட்டரின் கதிரைகள் வசதியாக இருந்ததாகச் சொன்னார். நான் இசையைப் பாராட்டினேன். படத்தில் அநேகமான இடங்களில் இசை இருக்கவில்லை.

தேவன் எல்லாவற்றுக்கும் சிரித்தார். ஆனால் அவர் கண் எங்களுக்குப் பின்னால் எதையோ தேடிக்கொண்டே இருந்தது. கியூசி அண்ணை அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பக்கக் கதவால் வெளியேறிப் போய்விட்டிருந்தார்.

அந்த வாரம் தேவன் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. கார் பழக்கும்போதும் பக்கத்து சீற்றில் ஒன்றும் பேசாமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாராம். அவரிடம் பழகிய பெண்பிள்ளை ஒருத்தி, சொல்வதற்கு ஆள் இல்லாததால் தானே யோசித்து நெடுஞ்சாலையில் ஏறி, தானே இறங்கி, வீட்டுக்கு வந்துவிட்டாள். மூன்று தடவை பெயிலானவள் அடுத்த சோதனையில் பாஸ். எனக்கு அவர் தினமும் தொலைபேசி எடுத்தார். பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கும்.

“எல்லாரும் நல்லம் எண்டு சொல்லிப்போட்டினம். அண்ணை ஒண்டும் சொல்லேல்லை.”

ரிஜெக்ட் என்று சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை, ஒரு சொல்லும் சொல்லாமல் போவதற்குத் தன் படம் என்ன பாவம் செய்தது என்று கேட்டார். இருபது வருடச் சிநேகிதம் முடிந்துவிட்டது என்றும் சொன்னார்.

புதன்கிழமை காலை கியூசி அண்ணையின் மனைவி என்னை அலுவலகத்தில் அழைத்தார். குரல் தாழ்ந்திருந்தது.

“தம்பி, இவர் ஞாயிற்றுக்கிழமையிலை இருந்து ஒவ்வொருநாளும் படத்துக்குப் போறார். வேலைக்கு லீவு போட்டிட்டார். சாப்பாட்டுப் பெட்டியும் கொண்டு போறார்.”

எந்தப் படம் என்று கேட்டேன்.

“எல்லா நாளும் தேவன்ரை படம்தான்” என்றார். பிறகு, தலையில் ஏதும் கோளாறு வந்தால் முதலில் இப்படித்தான் தொடங்குமா என்று கேட்டார்.

தேவனின் படத்துக்கு அந்தத் தியேட்டரில் ஒரு வாரம், தினமும் பகல் பதினொரு மணிக் காட்சி கொடுத்திருந்தார்கள். நான் பல் வலி என்று சொல்லிவிட்டு அலுவலகத்திலிருந்து புறப்பட்டேன். உள்ளே போனபோது படம் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் கறுப்பு ஜக்கெட்டோடு நான் நின்றேன். தியேட்டரில் இருந்தது ஒரேயொரு ஆள். மடியில் அட்டை, பக்கத்துக் கதிரையில் சாப்பாட்டுப் பெட்டி, கையில் பென்சில் அளவு டோர்ச். நான் போய்ப் பக்கத்தில் இருந்ததும் அவர் திரும்பிப் பார்க்காமலே, நான் பொலிஸ் துவக்கை ஐஸ்கிறீம் கரண்டிபோலப் பிடித்திருப்பதாகச் சொன்னார்.

அது ஐந்தாம் தரம் பார்ப்பதாம். பிழை தேடுகிறீர்களா என்று மெல்லக் கேட்டேன்.

“பிழை எல்லாம் முதல் நாளே எழுதியாச்சு. நூறு தாண்டின பிறகு எண்ணேல்லை” என்றார். “இப்ப நல்லது ஒண்டு தேடுறன்.”

தன் வாழ்க்கையில் இந்த வேலையைச் செய்ததில்லை என்றும், பிழை தேடுவதைவிட இது கஷ்டமாக இருக்கிறது என்றும், முதுகு வலிக்கிறது என்றும் சொன்னார். எனக்கு அவர்மேல் இரக்கமாக இருந்தது. எல்லோரையும்போல நல்ல முயற்சி என்று சொல்லிவிட்டால் முடிந்தது, தேவனும் சாப்பிடத் தொடங்கிவிடுவார் என்றேன்.

“மூடிக்கு நாங்கள் நல்ல முயற்சி எண்டு சொல்லுறேல்லை, காணும்” என்றார்.

திரையில் இரண்டு கார்கள் ஒரு ஸ்டொப் சைனில் ஒன்றுக்கொன்று வழிவிட்டுக்கொண்டிருந்தன. அவர் டோர்ச்சை அணைத்தார்.

“எல்லாரும் பொய் சொன்னவை எண்டு அவனுக்குத் தெரியும். தெரிஞ்சபடியாத்தான் வாசலிலை நிண்டு என்னைத் தேடினவன். நானும் பொய் சொன்னா, பேந்து உண்மை கேக்க அவனுக்கு ஆர் இருக்கினம்?”

அவர் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பட்டர் பூசிய பாணில் பாதியை எனக்குத் தந்தார். மிச்சப் படத்தை இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தோம். நல்லது எதையும் நான் காணவில்லை. நான் நடித்த காட்சிகளைக் கூர்ந்து பார்த்தேன். அங்கேயும் இல்லை.

சனிக்கிழமை பத்து மணிக்குக் கோப்பிக்கடையில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். தேவன் கோப்பியைத் தொடாமல் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து மணி ஐந்துக்குக் கியூசி அண்ணை வந்தார். அவர் பிந்தி வந்தது அதுதான் முதல்தடவை. கண்களுக்குக் கீழே கறுத்திருந்தது. வெள்ளிக்கிழமை கடைசிக் காட்சியையும் பார்த்து முடித்திருந்தார். இருந்து, மூச்சு விட்டு, அட்டையைக் கவிழ்த்து வைத்தார்.

“முப்பத்தெட்டாம் நிமிசம்” என்றார் தேவனைப் பார்த்து. “உன்ரை ஹீரோ றோட்டிலை நிண்டு போனுக்குள்ளை கத்துறான். அவனை விடு. பின்னாலை, றோட்டுக்கு அந்தப் பக்கம், பஸ் நிக்கிற இடத்திலை ஒரு மனிசி. பதினொரு விநாடி. அது பாஸ்.”

பாஸ் என்ற சொல்லைக் கேட்டதும் கார்த்திக் எழுந்தே விட்டான். தேவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்படி ஒரு மனுசியைத் தான் படத்தில் போடவில்லை என்றார். கார்த்திக் பையிலிருந்து லாப்டொப்பை எடுத்து அந்த இடத்தைக் கொண்டுவந்தான். நாலு தலைகளும் கிட்ட வந்தன.

கதாநாயகன் கத்துகிறான். அவன் தோளுக்கு மேலால், பனி கொட்டுகிற தெருவுக்கு அப்பால், தொப்பியும் சால்வையுமாக முகம் தெரியாத ஒரு பெண். பஸ் வருகிற திசையை எட்டிப் பார்க்கிறாள். காலை மாற்றி மாற்றி நிலத்தில் தட்டுகிறாள். கையிலிருந்த பெரிய பையைப் பனியில் வைக்கிறாள். பிறகு என்ன நினைத்தாளோ, பையைத் தூக்கி, கோட்டின் சிப்பைத் திறந்து, அதை உள்ளே வைத்து, இரண்டு கையாலும் கோட்டை இழுத்து மூடிக்கொண்டு நிற்கிறாள். அவ்வளவுதான். காட்சி மாறிவிடுகிறது.

“அந்தப் பைக்குள்ளை என்ன இருக்கெண்டு எனக்குத் தெரியாது” என்றார் கியூசி அண்ணை. “ஆனா அது ஆருக்கோ சூடாப் போய்ச் சேரவேணும் எண்டு அவ நினைக்கிறா. அது தெரியுது. ஏழு தரம் பாத்தன். ஏழு தரமும் தெரிஞ்சது.”

தேவன் இன்னொருதரம் போடச் சொன்னார். போட்டான். மூன்றாம் தரமும் பார்த்தார்.

“உது ராதா” என்றார்.

கார்த்திக் லாப்டொப்பை மூடினான். பல் வைத்தியரிடம் வந்த குழந்தை ஒன்று சுவருக்கு அந்தப் பக்கம் அழுதது கேட்டது. தேவனின் முகம் மெல்ல மெல்லச் சிவந்தது. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

“மூண்டு பனிக்காலம் நாயாய் அலைஞ்சு எடுத்த படத்திலை, நான் எடுக்காத ஒண்டுதான் உங்களுக்கு நல்லதோ?”

கியூசி அண்ணை கொஞ்சம் யோசித்தார். சமாதானமாக ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று நான் மேசைக்குக் கீழே அவர் காலைத் தட்டினேன்.

“கமராவை அந்தப் பக்கம் திருப்பி வைச்சது நீதானே” என்றார். அவரால் முடிந்த சமாதானம் அவ்வளவுதான்.

தேவன் எழுந்து போய்விட்டார். பிளாசாவிலிருந்து அவர் கார் இண்டிகேற்றர் போடாமல் திரும்பியது. நிலைமை எவ்வளவு மோசம் என்பது அப்போதுதான் எங்களுக்கு முழுவதும் விளங்கியது.

அடுத்த மூன்று சனிக்கிழமைகள் தேவன் வரவில்லை. கியூசி அண்ணை வந்தார், ஆனால் அட்டை கொண்டுவரவில்லை. ஆள் குறைந்தால் சோதனை செல்லாது என்று சொல்லிவிட்டார். அந்த மூன்று வாரமும் அவர் படம் பார்க்கவும் இல்லை. தேவனின் கதிரையில் யாராவது இருக்க வந்தால், ஆள் வருகுது என்று சொல்லி அனுப்புவார். இரண்டாம் வாரம் என் முழங்கால் வலியைப் பற்றிக் கேட்டார். நான் பயந்துபோனேன்.

அந்த நாட்களில் வீட்டில் நடந்ததைத் தேவன் பிறகுதான் எங்களுக்குச் சொன்னார். ராதாவை இருத்தி அந்தப் பதினொரு விநாடியைப் போட்டுக் காட்டியிருக்கிறார். ராதா முதலில் தன் கோட் இவ்வளவு பழசாகத் தெரிகிறதா என்று கவலைப்பட்டாராம். பிறகு அந்த நாள் ஞாபகம் வந்திருக்கிறது. காரைத் தேவன் காலையிலேயே கொண்டுபோய்விட்டபடியால் இரண்டு பஸ் மாறிச் சாப்பாட்டைக் கொண்டுவந்தார். மதியத்துக்குப் படப்பிடிப்பு வேறு இடத்தில் என்பதால், மூன்றாவது பஸ்ஸுக்காக அந்த இடத்தில் முக்கால் மணிநேரம் நின்றார்.

“நீங்கள் எல்லாரும் மற்றப் பக்கத்திலை நிண்டதைக் கண்டனான். கூப்பிட்டனான். ஒருத்தருக்கும் கேக்கேல்லை, காரிலை ஏறிப் போட்டியள்” என்றாராம். நேற்று மழை பெய்தது என்பதுபோலச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாராம். கோபித்திருந்தால் தனக்கு லேசாக இருந்திருக்கும் என்றார் தேவன்.

நாலாவது சனிக்கிழமை பத்து மணிக்குக் கதவு திறந்தது. தேவன் வந்தார், பின்னால் ராதா. ராதா எங்கள் மேசைக்கு வந்தது அதுதான் முதல்தடவை. கியூசி அண்ணை எழுந்து, தன் கதிரையை அவருக்குக் கொடுத்து, தனக்கு வேறொன்றை இழுத்துக்கொண்டார். தேவன் எழுதுகிற கொப்பி ஒன்றை எடுத்து மேசையில் விரித்தார்.

“மிச்சத்தையும் சொல்லுங்கோ அண்ணை. ஒண்டும் விடாமல்.”

காருக்குள் இருந்த அட்டையை எடுத்துவரக் கியூசி அண்ணை ஓடிய வேகத்தை அவர் வயதில் வேறு யாரும் ஓடி நான் பார்த்ததில்லை. முதல் நிமிடத்திலிருந்து தொடங்கினார். தேவன் ஒவ்வொன்றாக எழுதினார். சில இடங்களில் வாதாடினார், சில இடங்களில் பல்லைக் கடித்தார், ஸ்டொப் சைன் விஷயத்தில் மட்டும் அசையவே இல்லை. அன்றைக்கு இடைவேளை வரைக்கும்தான் முடிந்தது. மிச்சத்துக்கு இன்னும் இரண்டு சனிக்கிழமைகள் தேவைப்பட்டன. நடுநடுவே ராதாவும் சொல்லத் தொடங்கினார். பழிவாங்க வந்தவன் ஒருநாளாவது உடுப்புத் தோய்த்ததைக் காணவில்லை என்றார். மிசிசாகாவில் இருக்கிற தமையனுக்கு ஊரிலிருந்து ஒருத்தர்கூடத் தொலைபேசி எடுக்காமல் இருக்குமா, அவன் செத்துவிட்டான் என்று யார் நம்பினார்கள் என்று கேட்டார். இது கதையின் ஆணிவேர். இதைக் கியூசி அண்ணையே கவனித்திருக்கவில்லை. அட்டையில் எழுதி, பக்கத்தில் ராதாவின் பெயரையும் எழுதினார்.

அதற்குப் பிறகு நாங்கள் ஐந்து பேர். ராதா ஒரு படத்தைப் பற்றிக் கதைக்கும்போது கியூசி அண்ணை குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்பார். எங்களுக்கு அந்தச் சலுகை இருக்கவில்லை. தேவன் இரண்டாவது படத்துக்குக் கதை எழுதத் தொடங்கினார். இம்முறை பழிவாங்கல் இல்லை. ராதா வாசித்துப் பார்த்துத் திருத்திக் கொடுக்கிறார். திருத்தியதில் அநேகம் போய்விட்டது, மிஞ்சியதைத்தான் இப்போது எடுக்கிறார்கள். எனக்கு வேடம் இல்லை.

போன வருடம் கியூசி அண்ணை வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். கல்கரியில் இருக்கிற மகளுக்குக் குழந்தை பிறந்ததால் அவரும் மனைவியும் அங்கேயே போய்விட்டார்கள். விமான நிலையத்துக்கு நாங்கள் எல்லோரும் போனோம். அங்கே அவர் எங்களைக் கட்டிப்பிடிக்கவில்லை. தான் இல்லையென்று எல்லாப் படத்தையும் நல்லது என்று சொல்லித் திரியவேண்டாம் என்று கார்த்திக்கை மட்டும் எச்சரித்தார்.

கல்கரியிலும் படங்கள் வருகின்றன. வெள்ளிக்கிழமை பார்த்துவிட்டு வந்து, எங்கள் குழுவுக்கு வட்சப்பில் குரல் பதிவு போடுவார். மிகக் குறைந்தது நாற்பது நிமிடம். சனிக்கிழமை பத்து மணிக்குக் கோப்பிக்கடையில் தேவனின் ஃபோனை சீனிப் போத்தலில் சாய்த்து வைத்து அதைப் போடுகிறோம். பின்னணியில் பேரக்குழந்தை அழும். அவர் மனைவி இன்னுமா முடியவில்லை என்று கேட்பார். அவர் படத்தின் ஐம்பத்திரண்டாம் நிமிடத்துக்கு வந்திருப்பார்.

ஃபோனில் பேசுகிற ஒருவரை இடையில் நிறுத்துவது மிகச் சுலபம், விரலால் ஒருதரம் தொட்டால் போதும். எங்கள் நாலு பேரில் யாரும் இன்னும் தொடவில்லை.